இருபத்தேழாம் இலக்கத்துத் தண்ணீர்

மாத்தளைக்கும் நாலந்தாவுக்கும் இடையில் வரப்போகிற புதிய பெரிய வீதி, நாற்பத்து மூன்று இடங்களில் தண்ணீரைக் கடக்கிறது. ஆறு என்று மரியாதையாகச் சொல்லக்கூடியது ஒன்று. ஓடை பதினெட்டு. மிச்சம் இருபத்து நான்கும் ஊற்று, வாய்க்கால், மழைக்கு மட்டும் கண் திறக்கும் பள்ளம் என்று பலவகை. எல்லாவற்றையும் நான் நடந்து எண்ணினேன். எண்ணி முடித்தபின் சந்தேகம் வந்து, முதல் பன்னிரண்டை மறுபடியும் போய் எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது.

எனக்கு எழுபத்தோரு வயது. ஓய்வு பெற்று பதினோரு வருடமாகிறது. ஆனாலும் வீதி, நீர்க்குழாய், மின்கம்பி என்று பெரிய வேலை ஏதாவது இந்த மாவட்டத்துக்குள் வரும்போது, சுற்றாடல் ஆலோசகர் என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். வீதி வரைகிறவர்கள் காகிதத்தில் ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோடு மண்ணில் எதன்மேல் கால் வைக்கிறது என்று முன்கூட்டியே போய்ப் பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. எத்தனை மரம், எத்தனை கிணறு, எந்த இடத்தில் குரங்குகள் கூட்டமாகக் கடக்கின்றன, எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் தண்ணீர் ஓடுகிறது. எண்ணுகிறவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. எங்கள் கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்தபடியே பந்தியில் எத்தனை பேர் என்று எண்ணினேன் என்று என் மனைவி இன்னும் சொல்லிக் காட்டுவாள். அது உண்மை. முதல் பந்தியில் நூற்றுப் பதினான்கு பேர்.

இந்த வேலையில் எனக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. நான் ஆட்களிடம் கேட்பதில்லை. கேட்டால், அதிகாரிக்கு எது பிடிக்குமோ அதைத்தான் சொல்வார்கள். பயத்தில் சிலர், மரியாதையில் சிலர். எண்ணுக்கு பயமும் இல்லை, மரியாதையும் இல்லை. ஆகவே எண்ணிவிட்டு, எழுதிவிட்டு, தேத்தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டு வந்துவிடுவேன். நாற்பது வருடமாக என் குறிப்புப் புத்தகங்களில் ஒரு வெட்டு, ஒரு திருத்தம் கிடையாது. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

இருபத்தேழாம் இலக்கம் ஒரு தோட்டத்துக்குள் இருக்கிறது. மிளகும் கொக்கோவும் போட்ட சரிவு. சரிவின் மேலே பாறை, பாறைக்குள்ளிருந்து ஊற்று, ஊற்றுவாயில் வளைத்துச் செருகிய தகரம். அந்தத் தகரத்தின் வழியாகத் தண்ணீர் கீழே விழும். தோட்டத்தில் அதைப் பீலி என்போம். பீலிக்குக் கீழே லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு, முப்பத்தாறு வீடு. வீதியின் கோடு நேராகப் பீலிக்கும் பாறைக்கும் மேலேயே போகிறது.

மார்ச் மாதத் தொடக்கத்தில், வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு நாள் அங்கே போனேன். வருவதாகத் தோட்ட அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் போயிருந்தது. வேனிலிருந்து இறங்கியதுமே மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. பாதை கூட்டிப் பெருக்கப்பட்டிருந்தது. இருபுறமும் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பீலியடிக் கல்லில் மணலும் சாம்பலும் தூவி, நான் உட்கார ஒரு கதிரையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. வெள்ளைக் கற்கள் நாற்பத்தாறு. எனக்காக நின்ற ஆட்கள் இருபத்தொன்பது.

பீலி காய்ந்து கிடந்தது. தகரத்தின் நுனியில் ஒரு துளி திரண்டு, யோசித்து, விழுந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். பதினொரு துளி. புத்தகத்தில் இருபத்தேழுக்கு எதிரே 'மார்ச், வறண்டது' என்று எழுதினேன். வாசல்களைப் பார்த்தபடி லயத்தின் ஒரு தலையிலிருந்து மறுதலைவரை நடந்தேன். இஞ்சி போட்ட தேத்தண்ணீர் கொடுத்தார்கள், கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டித் துண்டு. நான் என்ன எழுதுகிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை. அதிகாரி என்றால் அவர்களுக்குச் சேர்; எழுதிக்கொண்டிருக்கிற சேரை யார் கேட்பார்கள். பீலி ஏன் காய்ந்திருக்கிறது என்று நானும் கேட்கவில்லை.

வறண்டது என்ற ஒரு சொல் பொறியியலாளரிடம் போனால் என்ன ஆகும் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். தண்ணீர் இருக்கிற இடத்தில் வீதி தூண்களின்மேல் பாலமாகப் போகும். தண்ணீர் இல்லாத இடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அடியில் மழைநீருக்கு ஒரு சிமெந்துக் குழாயைப் போட்டு, மேலே வீதியை விடுவார்கள். மண் மேடு வந்தால் பாறை போய்விடும், ஊற்று போய்விடும். காய்ந்த பாறை என்றால் யாருக்கும் நட்டமில்லை. என் குறிப்பின் பிரதி அன்று மாலையே அவரிடம் போய்விட்டது.

மூன்று கிழமை கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வீட்டுக் குசினியில் உட்கார்ந்து குறிப்புப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். இறுதி அறிக்கைக்கு முன் எல்லா இலக்கங்களையும் ஒரு முறை காதால் கேட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மனைவி போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கேட்கிறாளா இல்லையா என்று எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை.

"இருபத்தேழு. வெள்ளைக் கல் நாற்பத்தாறு. ஆட்கள் இருபத்தொன்பது. துளி பதினொன்று. வீடு முப்பத்தாறு. வாசலில் பிளாஸ்டிக் பீப்பாய் ஐம்பத்தெட்டு, எல்லாம் விளிம்புவரை நிறைந்தவை."

போஞ்சிக் கத்தி நின்றது.

"பீலி காஞ்சு கெடந்துச்சுன்னீங்க."

"ஆமா. பதினொரு துளி."

"பெரல் எல்லாம் நெறஞ்சு இருந்துச்சுங்கிறீங்க."

"ஐம்பத்தெட்டும்."

"அப்ப எங்க இருந்து அள்ளுனாங்க? ஆகாசத்துல இருந்தா?"

நான் புத்தகத்தைப் பார்த்தேன். அந்தத் தோட்டத்தில் கிணறு இல்லை. தண்ணீர் பவுசர் வண்டி வரக்கூடிய அகலத்தில் பாதையும் இல்லை, பாதையின் அகலத்தை நானே அளந்திருக்கிறேன். பதினொரு துளி விழுகிற பீலியில் ஐம்பத்தெட்டு பீப்பாயை நிரப்ப எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். என் ஆயுள் காணாது.

"நீங்க எல்லாத்தையும் எண்ணுனீங்க, ஒரு வார்த்த கேக்கல," என்றாள் அவள், மறுபடி போஞ்சியை எடுத்துக்கொண்டு.

உடனே பொறியியலாளருக்கு அழைப்பு எடுத்தேன். அவர் ஒரு பெண், என் மகள் வயது, சிங்களத்தில்தான் பேசுவோம். பதற்றத்தில் இருபத்தேழு என்பதற்குப் பதிலாக இரண்டு முறை முப்பத்தேழு என்று சொல்லித் தொலைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சேர் வறண்டது என்று எழுதியதால் அந்தப் பாலத்தை எடுத்து இரண்டு கிழமையாகிவிட்டது, மண்மேடு வரைந்து முடிந்துவிட்டது என்றார். வெள்ளிக்கிழமையோடு வரைபடத்தை மூடி மேலிடத்துக்கு அனுப்புகிறாராம். அதற்குமுன் மூன்று காலை அளந்த எண் வேண்டும் என்றும், இரண்டு காலை அளந்து வைத்தால் மூன்றாவதான வெள்ளி காலை தானே அங்கே வந்து பார்ப்பதாகவும், இல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார். செவ்வாய் பாதி போய்விட்டது. மிச்சம் இருந்தது சரியாக மூன்று காலை.

புதன் விடியும்போதே வேன் வந்தது. சாரதி மாத்தளையைச் சேர்ந்த முஸ்லிம், ஒன்பது வருடமாக என்னை ஏற்றி இறக்குகிறவர். என் கவலைகளை என்னைவிட நன்றாக அறிந்தவர்.

"கொடை ரெண்டும் எடுத்தாச்சா சேர்?"

"எடுத்தாச்சு."

"பேனை மூணு?"

"நாலு."

"முட்டிக்குப் பூசுற எண்ணெ? மாத்திரை? மத்த மாத்திரை?"

"வீதியைப் பாத்து ஓட்டுங்க."

"நான் பாக்கத்தான் செய்றேன். எதிர்ல தம்புள்ளையில இருந்து வாற லொறிய நீங்க எண்ணுறீங்க, அதையும் பாக்கிறேன்."

அது உண்மை. மரக்கறி லொறி, பதினேழு. மனசு கலங்கினால் எனக்கு லொறி எண்ணாமல் இருக்க முடியாது.

தோட்டப் பாதையில் ஏறி வேனை நிறுத்தியபோதே சத்தம் கேட்டது. தண்ணீரின் சத்தமும், அதற்குமேலே பெண்களின் சத்தமும். இம்முறை கடிதம் போகவில்லை, யாரும் எங்களை எதிர்பார்க்கவில்லை. வளைவைத் திரும்பினோம். தகரத்திலிருந்து தண்ணீர் கைத்தடிப் பருமனில் குதித்து, கல்லில் பட்டு, வெயிலில் சிதறிக்கொண்டிருந்தது. ஒருத்தி துணி அடித்தாள், ஒருத்தி பிள்ளையின் தலைக்குச் சவர்க்காரம் போட்டாள், வரிசையில் பத்தொன்பது வாளி. மணலும் இல்லை, சாம்பலும் இல்லை, கதிரையும் இல்லை. எனக்கு அழுகை வருவது போலவும் சிரிப்பு வருவது போலவும் இருந்தது.

எங்களைக் கண்டதும் எல்லாம் நின்றது. பீலிக்கு முறை வைக்கிற அக்கா ஒருவர் அங்கே உண்டு. யாருடைய வாளி முதலில், யாருடையது பிறகு என்பது அவர் வாயில்தான் இருக்கிறது. ஐம்பது வயதிருக்கும். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்னாங்க சேர் இப்பிடி சொல்லாம கொள்ளாம வர்றீங்க. சொல்லியிருந்தா தண்ணிய கட்டியிருப்போம்ல."

"கட்டியிருப்பீங்களா?"

"போன தடவ கட்டுனோமே. மொத நாள் அந்தியிலயே கட்டியாச்சு. மேல வாழப்பட்டையப் போட்டு மெளகுப் பக்கம் திருப்பி விட்டுட்டு, எல்லா பெரலையும் நெறப்பி வச்சுக்கிட்டு, கல்ல காய விட்டு, சாம்ப போட்டு." விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். செய்த வேலையின் பெருமை குரலில் இருந்தது.

"ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

நாற்பது வருடத்தில் நான் கேட்ட முதல் 'ஏன்' அதுவாக இருக்கலாம்.

"போன வருசம் ஒரு சேர் வந்தாரு. தண்ணித் தொட்டி கட்டித் தர்றதுக்கு பாக்க. இந்தா இந்தக் கல்லுல வச்ச காலு, அங்க போய் நின்னுச்சு. மத்ததெல்லாம் பின்னால வந்துச்சு. வெள்ளக் களுசான் வேற போட்டிருந்தாரு. நாங்க சிரிக்கல சேர், சத்தியமா சிரிக்கல. அவரு போனவருதான். தொட்டியும் போச்சு."

"அவ சிரிச்சா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் யாரையோ காட்டிக்கொடுத்தது.

"நீங்க வேற வயசான சேருன்னு ஆபிஸ்ல சொன்னாங்க. விழுந்து கிழுந்து தொலச்சீங்கன்னா?"

நானும் இதே மாவட்டத்தில் ஒரு லயத்தில் பிறந்தவன். டொக்டர் வருகிறார் என்றால் கழிவுநீர்க் கானைக் கழுவி, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஓடுகிற மூக்கையெல்லாம் துடைத்து நிறுத்திய வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். வெள்ளைக் கல் நாற்பத்தாறைக் கண்டபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. கல்லை எண்ணினேனே தவிர, அது எனக்காக அடித்த சுண்ணாம்பு என்று தோன்றவில்லை. எண்ணுக்கு மரியாதை தெரியாது என்று நினைத்தவன் நான். அந்தப் பதினொரு துளியும் எனக்குச் செய்த மரியாதைதான்.

அவர்கள் தண்ணீரைக் கட்டியதை நான் என்னவென்று எழுதினேன், அதனால் இந்த இடத்தில் என்ன வரப்போகிறது என்பதை ஒளிக்காமல் சொன்னேன். அக்கா பாறையைப் பார்த்தார், பிறகு மேலே ஆகாயத்தை, மண்மேடு எவ்வளவு உயரம் வரும் என்று பார்ப்பது போல.

"அப்ப நாங்க கட்டுன தண்ணி, நெசமாவே நின்னு போகுமா?"

"வெள்ளிக்குள்ள அளந்து காட்டினா போகாது."

"அளங்க," என்றார். "வாளிய எடுங்க."

அப்போதுதான் தெரிந்தது. குடை இரண்டு, பேனா நான்கு, மாத்திரை இருவகை, எல்லாம் இருந்தன. அளக்கும் வாளி மாத்தளையில் என் வீட்டு வாசலில் இருந்தது.

வாளி என்று நான் கேட்காமலே சாரதி தலையை ஆட்டிய விதத்தில், ஒன்பது வருடம் இந்தத் தருணத்துக்காகக் காத்திருந்தவர் போலிருந்தது.

"சேருக்கு வாளி இல்லயாம்," என்று செய்தி வரிசையின் கடைசிவரை போனது. பத்தொன்பது வாளியும் முன்னால் வந்தன. ஒவ்வொருத்திக்கும் தன் வாளிதான் பெரியது. "அவளோடது அடி நசுங்குனது சேர்." "ஒன்னோடது மட்டும் என்ன, பாதிக்கு மேல வெடிப்பு." கடைசியில் என் ஒரு லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலால் ஒவ்வொன்றாக ஊற்றி அளந்து, சரியாகப் பன்னிரண்டு லீற்றர் பிடிக்கிற சிவப்பு வாளி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். சொந்தக்காரி அன்று முழுவதும் நிலத்தில் கால் பாவாமல் நடந்தாள்.

தண்ணீரை வீணாக்கவும் கூடாது. ஆகவே அக்கா ஒரு ஒழுங்கு வைத்தார். சிவப்பு வாளியில் பிடிப்பது, நான் நேரம் பார்ப்பது, பிறகு முறைப்படி வரிசையில் உள்ளவளின் வாளியில் ஊற்றுவது. நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பீலியடிக்கு நடந்தேன். பதினான்கு எட்டு. ஒவ்வொரு எட்டையும் வாய்க்குள் எண்ணி வைத்தேன், வழுக்கவில்லை. இதைச் சாரதிக்குச் சொல்லிக்காட்டத் திரும்பினேன். அவர் "நமக்கு இதெல்லாம் பழக்கம் சேர்" என்று சொல்லியபடி ஒரே எட்டில் கல்லுக்கு வந்தார். அடுத்த கணம் பீலிக்கு நேர்கீழே, தண்ணீர் தலையில் விழ, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். முப்பது பேரின் தோள் குலுங்கியது.

"சிரிங்க, சிரிங்க," என்றார் அவர் தண்ணீருக்குள்ளிருந்து. "நான் தொட்டி கட்ட வரல்ல."

அதற்குப்பிறகு எழுந்த சிரிப்பை நான் அளக்கவில்லை. அது ஒன்றுதான் அன்று அளக்காமல் விட்டது.

முதல் வாளி இருபத்து நான்கு செக்கன். இரண்டாவது இருபத்து நான்கு. மூன்றாவது இருபத்தைந்து, ஆனால் இடையில் ஒரு பிள்ளை கையை விட்டுவிட்டது. நாலாவதிலிருந்து பெண்களும் சேர்ந்து சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று பாட்டுப் போல. என் கடிகாரம் இருபத்து நான்கு காட்டும்போது அவர்கள் முப்பத்தொன்றில் இருந்தார்கள்.

"நீங்க அவசரமா எண்ணுறீங்க," என்றேன்.

"ஒங்க மணிக்கூடு வயசானது சேர்," என்றார் அக்கா. "மெதுவாத்தான் போகும்."

வியாழன் காலை நாங்கள் போனபோது மணிக்கூட்டுக்கு ஏற்றபடி எண்ணப் பழகியிருந்தார்கள். இருபத்து நான்கு என்று எல்லா வாயும் ஒன்றாகச் சொல்ல, முள்ளும் அங்கே போய் நின்றது. அன்று அக்காவுக்கு ஒரு யோசனை. காலையில் மட்டும் அளந்தால் பொறியியலாளர் மிஸ் நம்புவாங்களோ என்னவோ, விடியலிலிருந்து அந்திவரை பிடிக்கிற ஒவ்வொரு வாளிக்கும் கணக்கு வைப்போம் என்றார். புத்தகம் இல்லை. அதனால் எனக்காகச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கற்களில் அடுப்புக்கரியால் கோடு. வாளிக்கு ஒரு கோடு. நான் பகலில் கிளம்பும்போது கற்கள் வரிக்குதிரை போலிருந்தன. வெள்ளி காலை வந்து எல்லாவற்றையும் எண்ணி எழுதிக்கொள்வதாக இருந்தேன்.

வெள்ளி காலை பொறியியலாளரின் வாகனம் முன்னால் போக, எங்கள் வேன் பின்னால் போனது. பாதை கூட்டிப் பெருக்கப்பட்டிருந்தது. இருபுறமும் கற்கள் பளிச்சென்ற வெள்ளை, புதுச் சுண்ணாம்பு, ஈரம்கூடக் காயவில்லை. ஒரு கரிக்கோடு இல்லை. இறங்கினேன். பெண்கள் தலை வாரிப் பூ வைத்து, வரிசையாக நின்றார்கள். தண்ணீர்ச் சத்தம் இல்லை.

"சேர்," என்று சாரதி மெதுவாகச் சொன்னார். "மறுபடி கட்டிட்டாங்களா?"

பொறியியலாளர் முன்னால் நடந்துகொண்டிருந்தார். நான் அக்காவிடம் போய், "தண்ணி எங்க" என்று கேட்டேன்.

"வருது சேர்."

"சத்தத்தக் காணோமே."

"சத்தத்தத்தான் கட்டுனோம். அடியில ரெண்டு சாக்க மடிச்சுப் போட்டோம், மிஸ்ஸோட உடுப்புல தெறிக்கக் கூடாதுன்னு. தண்ணிய ஒண்ணும் செய்யல."

வளைவைத் திரும்பினேன். தகரத்திலிருந்து அதே பருமனில் விழுந்த தண்ணீர், மடித்த சாக்கில் ஒரு முணுமுணுப்புமின்றி இறங்கிக்கொண்டிருந்தது. நான் அருகே இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். சுண்ணாம்பு காயாத கல். என் கறுப்புக் களுசானின் பின்பக்கத்துக்கு அன்று என்ன நடந்தது என்பதை மனைவிதான் பிறகு சொன்னாள்.

பொறியியலாளர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஈரத்தில் இறங்கினார். சிவப்பு வாளியைத் தானே பிடித்தார், தன் கைத்தொலைபேசியில் நேரம் வைத்தார். பெண்கள் மெல்லிய குரலில் எண்ணினார்கள். இருபத்து நான்கு. மூன்று முறை வைத்தார், மூன்று முறையும் அதுவே. பிறகு என்னைப் பார்த்து, ஒரு முழு நாளைக்குரிய அளவு இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் வெள்ளைக் கற்களைப் பார்த்தேன். பிறகு அக்காவைப் பார்த்தேன்.

"கோடெல்லாம் எங்க?"

அக்கா கற்களைத் திரும்பிப் பார்த்தார். முகம் மாறியது. "மிஸ் வர்றாங்கன்னு..." என்று தொடங்கி நிறுத்தினார். விருந்தாளி வருகிறார் என்றால் கை தானாகவே சுண்ணாம்புச் சட்டியைத் தேடிப் போயிருக்கிறது.

அப்போது நான் செய்ததை, மூன்று கிழமைக்கு முன் என்றால் செய்திருக்க மாட்டேன். வரிசையின் முதல் ஆளிடம் போய், "நேத்து நீங்க எத்தன வாளி பிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஏழு சேர்."

"நீங்க?"

"அஞ்சு. பெரிய வாளி."

"பெரிய வாளியாம்," என்றாள் அடுத்தவள். "எனக்கு எட்டு. சீல அலசுனேன்."

ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே போனேன். வேலைக்குப் போனவர்களுக்காக அண்டை வீட்டார் சொன்னார்கள். ஒருத்தி ஆறு என்று சொல்ல, எதிர்வீட்டுக்காரி ஏழு என்று திருத்த, அந்த ஏழாவது வாளி யாருடையது என்று ஒரு சின்ன வழக்கு நடந்து, பிறகு தீர்ந்தது. யாருக்கும் தடுமாற்றம் இல்லை. முறை வைத்துத் தண்ணீர் எடுக்கிறவர்களுக்குத் தன் கணக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக் கணக்கும் தெரியும். கூட்டினேன். இருநூற்று முப்பத்தொரு வாளி. பொறியியலாளருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். முதலில் வறண்டது என்று எழுதியது என் பிழை, அது எப்படி நேர்ந்தது என்பதையும் சொன்னேன்.

அவர் வாழைப்பட்டைக் கதையைக் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மேலதிகாரி வரும் நாளில், ஒழுகுகிற கூரை தெரியாமலிருக்க உள்ளே வெள்ளைத் துணி கட்டுவார்களாம். அதனால் கூரை போட்டுக் கொடுக்கப் பல வருடமாயிற்றாம். இதை நான் தமிழில் சொன்னதும் அக்கா பொறியியலாளரின் கையைப் பிடித்து, "அப்ப மிஸ்ஸும் நம்ம ஆளுதான்" என்றார்.

வேனின் முன்மூடியில் வரைபடம் விரிக்கப்பட்டது. பொறியியலாளர் பென்சிலால் மண்மேட்டின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்து அதை அடித்தார். பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு தூண், லயத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தூண், நடுவில் வெட்டவெளி. பாறைக்குமேல் ஒரு சின்ன வட்டம் போட்டு, தொடக்கூடாது என்று சிங்களத்தில் எழுதி, கையெழுத்தும் வைத்தார். இருபத்தேழில் பாலம் என்றே மேலே அனுப்புவேன் என்றார். பெண்கள் தலையோடு தலை சேர்த்து அந்த வட்டத்தை எட்டிப் பார்த்தார்கள்.

"இதுதான் பீலியா? இத்துணூண்டா?"

"காயிதத்துல இவ்வளவுதான் கொள்ளும்."

நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். சொல்லை அழிக்கக் கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. பழையது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். 'வறண்டது' என்பதை வெட்டினேன். செக்கனுக்கு அரை லீற்றர், மார்ச் மாதமும், என்று எழுதினேன்.

"என்னாங்க சேர் எழுதுறீங்க?" என்றார் அக்கா.

இருபத்தேழாம் இலக்கத்தில் என்னை யாரும் இதுவரை கேட்காத கேள்வி. வாசித்துக் காட்டினேன், கடைசிவரை, சத்தமாக. "வாளி இருநூற்று முப்பத்தொன்று. வீடு முப்பத்தாறு."

"முப்பத்தேழு," என்று நாலு பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

"முப்பத்தாறு. நான் எண்ணினேன்."

"நீங்க எண்ணுனப்ப முப்பத்தாறுதான். போன கெழம கோடிவீட்டுப் புள்ள கல்யாணம் முடிச்சு, பக்கத்துல தகரம் போட்டு அடுப்பு வச்சிட்டா. அந்தா, பொக வருது பாருங்க."

பார்த்தேன். புகை வந்தது. நாற்பது வருடமாக வெட்டே இல்லாத புத்தகத்தில், ஒரே பக்கத்தில் இரண்டாவது வெட்டு விழுந்தது. கையெழுத்து வைக்கும்போது என் சொந்தப் பெயரே கோணலாக வந்தது.

"பக்கம் நாசமாப் போச்சே சேர்," என்றார் சாரதி, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

அக்கா குனிந்து இரண்டு சாக்கையும் இழுத்து எடுத்தார். சத்தம் திரும்பி வந்தது. முறைப்படி அடுத்த வாளி புதுப்பெண்ணுடையது.